சிவப்பு வட்டத்தை அமுக்கிய அப்பாவும் 1,800 ரூபாய் பிளேயரும்

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் எடுத்த வில்லுப்பாட்டு வீடியோ ஒரு பென்டிரைவ் நிறைய இருக்கிறது. அப்பாவுக்கு 68 வயது, தினமும் லேப்டாப்பில் அதுதான் ஓடும். எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாமல் பிளேயரில் சிவப்பு வட்டத்தை அமுக்கி அமுக்கி, அது பாட்டுக்குப் பதிவு செய்து டிஸ்க்கே நிறைந்துவிட்டது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் 1,800 ரூபாய்க்கு "பெரியவர்களுக்கு லேசான" பிளேயர் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?
- ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: வேண்டாம் தம்பி. இப்போதைக்காவது வேண்டாம்.

அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். டேப் ரெக்கார்டரிலும் சிவப்பு என்றால் பதிவுதான், ஆனால் பல செட்டுகளில் பிளே பொத்தானையும் சேர்த்து அமுக்கினால்தான் பதிவாகும், அதற்கும் மேலே கேசட் விளிம்பில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் யாரும் அதன்மேல் பதியவே முடியாது (எங்கள் வீட்டு வில்லுப்பாட்டு கேசட் ஒன்றுக்கும் பல் கிடையாது). கம்ப்யூட்டரில் அந்தச் சிவப்பு வட்டத்தை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், ஒரே கிளிக்கில் பதிவு ஓட ஆரம்பித்துவிடும். நல்லவேளை, இது தனி ஃபைலாகத்தான் சேரும், பழைய வீடியோ அழியாது. அந்த நகல்களைத் தேடி அழித்தால் டிஸ்க் காலியாகிவிடும்.

இன்னொரு கூத்தும் உண்டு. படம் ஓடும்போது பொத்தானில் இரண்டு கோடு தெரியும், அதாவது அமுக்கினால் படம் நிற்கும் என்று, இனி நடக்கப்போவதைக் காட்டுகிறது. பக்கத்திலேயே இருக்கும் ஸ்பீக்கர் படத்தில் குறுக்குக் கோடு விழுந்திருந்தால் சத்தம் இப்போதே நின்றிருக்கிறது என்று அர்த்தம். ஒன்று நடக்கப்போவதைச் சொல்கிறது, மற்றது நடந்து முடிந்ததைச் சொல்கிறது! வளைந்த அம்பு இன்னும் மோசம்: ஒரு தடவை அமுக்கினால் எல்லாம் திரும்ப ஓடும், இன்னொரு தடவை அமுக்கினால் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப, மூன்றாவதில் ஒன்றும் கிடையாது. இதில் யாருக்குத்தான் குழப்பம் வராது?

சரி, செய்ய வேண்டியது இதுதான். விஎல்சி பிளேயரைப் போடுங்கள், காசே கிடையாது. 1996ல் பிரான்சில் கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்த வேலை, இப்போது வீடியோலேன் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு பார்த்துக்கொள்கிறது, அவர்கள் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். அதில் சிவப்புப் பொத்தான் முதலில் கண்ணிலேயே படாது, வியூ மெனுவில் 'அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்' டிக் செய்தால்தான் வரும். அதைத் தொடாதீர்கள். டூல்ஸ் மெனுவில் 'கஸ்டமைஸ் இன்டர்ஃபேஸ்' போய் அப்பாவுக்குத் தேவையில்லாத பொத்தான்களையும் எடுத்துவிடலாம். அப்புறம் ஒரு துண்டுத் தாளில் மூன்றே மூன்று எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டுங்கள்: ஸ்பேஸ் பார் தட்டினால் நிற்கும், மறுபடி தட்டினால் ஓடும், எஃப் முழுத்திரை, எம் சத்தம் நிற்க. படத்தைப் பார்த்து யோசிக்கிற வேலையே இல்லை.

இதற்கும் மேல் காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால், 1,800 ஒரு தடவையா வருஷா வருஷமா என்று கேட்டு, பில் வாங்குங்கள். இலவச டிரையல் என்று சொல்லி ஆட்டோபே (கணக்கிலிருந்து தானாகவே காசு பிடிக்கிற ஏற்பாடு) போடச் சொன்னால் யுபிஐ ஆப்பில் போய் அதை நிறுத்துகிற இடம் எது என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். பெருக்கல் குறியை அமுக்கினால் மூடாமல் இன்னொரு விளம்பரம் திறக்கிறதே, அந்த மாதிரித் தந்திரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ல் விதிமுறையே கொண்டுவந்திருக்கிறது, அதில் மொத்தம் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்கள்.

அந்தப் பென்டிரைவுக்கு ஒரு நகல் எடுத்தீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே எடுங்கள், பிளேயரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.