கோட்டைப் படம் அசலா, நகலா?

கேள்வி: எடின்பரோவில் ஒரு பழைய புத்தகக் கடையில், ஸ்காட்லாந்திலுள்ள போர்த்விக் கோட்டையின் படம் வாங்கினேன். தகட்டில் வெட்டி அச்சிட்ட பழைய படம் என்றார் கடைக்காரர். தேதி இல்லை. அசல்தானா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். வானத்தையும் நிழல் விழும் சுவரையும் பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால நகல், விஷயம் அங்கேயே முடிந்தது. தகட்டில் வெட்டிய கோடு நடுவில் பருத்து நுனியில் கூராக முடியும். தாளைச் சாய்த்துப் பிடித்தால் மை லேசாக மேடிட்டிருப்பதும் தெரியும். படத்தைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு பள்ளம் இருந்தால் அது தகடு அழுந்திய தடம். ஆனால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஓரம் வெட்டப்பட்ட அசலில் அது இருக்காது. நகலில் வேண்டுமென்றே அழுத்தி வைப்பவர்களும் உண்டு.

சரி, வயது? முன்பு தகடு செம்பில் இருந்தது. செம்பு மென்மையானது, பிரதிகள் கூடக் கூடக் கோடு தேயும். 1820களில் பரவிய எஃகுத் தகடு ஆயிரக்கணக்கான பிரதிகளைத் தாங்கியது, மயிரிழைக் கோடுகளையும் நெருக்கமாக வெட்ட இடம் கொடுத்தது. வானம் முழுக்க அப்படி மெல்லிய கோடுகள் என்றால் பெரும்பாலும் எஃகுதான். படத்தின் கீழே இடது மூலையில் வரைந்தவர் பெயரும் வலது மூலையில் வெட்டியவர் பெயரும் பொடி எழுத்தில் இருக்கும். வலப்பக்கம் லெ கியூ (Le Keux) என்று இருந்தால் உற்சாகப்படலாம்: எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் நூலுக்காக ஓவியர் டர்னர் வரைந்த போர்த்விக் காட்சியை 1819இல் தகட்டில் வெட்டியவர் அவர். வேறு பெயர் என்றால் பெரிய அருங்காட்சியகங்களின் இணையப் பட்டியலில் தேடுங்கள்.

கோட்டையை வைத்து வயதைக் கணிப்பது மட்டும் வேண்டாம். 1430இல் அரசரின் அனுமதி பெற்றுக் கட்டிய இந்தக் கோட்டையின் கிழக்குச் சுவரை 1650இல் ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லின் பீரங்கி பெயர்த்தது. அந்த வடு இன்றும் இருக்கிறது. இரட்டைக் கோபுரமும் நடுவிலுள்ள குறுகிய பிளவும் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது மேற்குப் பக்கம், அங்கே வடுவைத் தேடிப் பயனில்லை. கிழக்குப் பக்கப் படத்தில் வடு இல்லையென்றால்கூட, ஓவியர் சுவரைச் சீராக்கி வரைந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

பழுப்புப் புள்ளிகள் இருந்தால் தண்ணீரோ பிளீச்சோ தொடாதீர்கள். புதிதாக வண்ணம் தீட்டவும் கொடுக்காதீர்கள். சட்டம் போடும்போது அமிலமில்லாத அட்டை கேளுங்கள்.