போறப்ப 1 மணி நேரம், வர்றப்ப 2 மணி நேரமா?

கொழும்பு–மாலே டிக்கெட் போட்டேன். காலைல 8 மணிக்கு ஏறி 9 மணிக்கு இறங்குதாம். திரும்பி வர்றது 10 மணிக்கு ஏறி 12 மணிக்கு. தூரம் ஒண்ணுதானே? ஒரு வெப்சைட்ல 58 நிமிஷம்னு வேற போட்டிருக்கு. ஏஜென்ட் என்னை ஏமாத்திட்டாரா?
– மஞ்சக்குப்பம், கடலூர்

ஏஜென்ட் பாவம், விட்டுடுங்க. டிக்கெட்ல எப்பவும் அந்தந்த ஊர் நேரம்தான் போடுவாங்க. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம், மாலத்தீவு அரை மணி பின்னாடி. ஆக போனாலும் வந்தாலும் ஒண்ணரை மணிதான். எனக்கு கடுப்பே அந்த 58 நிமிஷத்து மேலதான். கொழும்பு ஏர்போர்ட் இருக்கிற கட்டுநாயக்காவுல இருந்து மாலே ஏர்போர்ட்டுக்கு நேர்கோட்டுல கிட்டத்தட்ட 775 கிலோமீட்டர், அதை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால வகுத்து போட்டுட்டு போயிடுறாங்க, ரன்வேக்கு உருண்டு போறது, மேல ஏறுறது, இறங்குறது எதுவும் கணக்குல கிடையாது. அங்கயே மாலேல இருந்து தெற்க கன் தீவு சுமார் 540 கிலோமீட்டர்தான், ஆனா காத்தாடி வச்ச சின்ன பிளேன்ல போனா அதுக்கும் ஒரு மணிக்கு மேல ஆகும். தூரத்தை வச்சு நேரத்தை முடிவு பண்ணாதீங்க. இன்னொண்ணு, சில ரிசார்ட்டுல அவங்களாவே கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி வச்சிருப்பாங்க, கிளம்புற அன்னிக்கு எந்த நேரம்னு கேட்டுக்கோங்க.

பாண்டிலதான் சரக்கு விலை கம்மியாச்சே, ரெண்டு பாட்டில் மாலத்தீவுக்கு எடுத்துட்டு போலாமா?
– முத்தியால்பேட்டை

கூடாது. கஸ்டம்ஸ்ல வாங்கி வச்சுப்பாங்க.

கல்யாணம் முடிஞ்சு பேக்கேஜ்ல போனோம். மாலேல இறங்கும்போதே சாயங்காலம் 6 மணி. ரிசார்ட் தீவுக்கு போற சீபிளேன் (தண்ணில இறங்குற சின்ன பிளேன்) காலைலதான்னுட்டாங்க. ராத்திரி ரூமுக்கு கைக்காசு 9,000 போச்சு. ஏஜென்ட் இப்ப போனே எடுக்க மாட்டேங்குறார்.
– லாஸ்பேட்டை

படிக்கவே வயிறு எரியுதும்மா. சீபிளேன் பகல் வெளிச்சத்துல மட்டும்தான் பறக்கும், அந்த ஊர் பேக்கேஜ் விக்கிறவருக்கு இது தெரியாம இருக்காது. தெரிஞ்சே அந்த பிளைட்டை போட்டிருக்கார், உங்க மேல ஒரு தப்பும் இல்ல. வாட்ஸ்அப் மெசேஜ், ரூம் பில், பேக்கேஜ்ல என்னென்ன சேர்த்தின்னு அவர் எழுதி அனுப்பினது எல்லாத்தையும் எடுத்து வைங்க. முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் பதிவு பண்ணுங்க. மசியலன்னா நுகர்வோர் ஆணையம். ஏஜென்ட் ஆபீஸ் சென்னையில இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நீங்க குடியிருக்கிற பாண்டிலயே கேஸ் போடலாம். பேக்கேஜுக்கு கட்டினது 5 லட்சத்துக்குள்ளன்னா பீஸ் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போடலாம். 2 வருஷம் டைம் இருக்கு, ஆனா ஆறப்போடாதீங்க.

சென்னை–கொழும்பு ஒரு கம்பெனி, கொழும்பு–மாலே வேற கம்பெனி, தனித்தனியா போட்டேன், 2,000 மிச்சம். நடுவுல 55 நிமிஷம் இருக்கு. போதுமா?
– நெல்லிக்குப்பம்

போட்டுட்டு வந்து கேக்குறீங்க பாருங்க. போதாது. பெட்டி போட்டீங்கன்னா கொழும்புல வெளிய வந்து எடுத்து மறுபடி போடணும், அதுக்கு இலங்கைக்குள்ள நுழையுற அனுமதி வேணும், நீங்க கவுன்ட்டருக்கு போய் சேர்றதுக்குள்ள மூடியிருப்பாங்க. முதல் பிளைட் லேட்டானா ரெண்டாவது கம்பெனி பத்து பைசா தராது. ஒரே டிக்கெட்டா மாத்துங்க. நானும் அந்தமான் போறப்ப 1,700 மிச்சம்னு இப்படி ரெண்டா போட்டு, சென்னைல ரெண்டாவதை விட்டுட்டு, 6,400க்கு புது டிக்கெட் எடுத்தவன்தான். வீட்ல இன்னும் சொல்லல.