பள்ளிவாசலிலும் அந்நியம், தமிழ்ப் பள்ளியிலும் அந்நியம்

கேள்வி: காயல்பட்டினம் சொந்த ஊர். கணவரின் வேலை விசாவில் வந்து லண்டன் ஈஸ்ட் ஹாமில் இரண்டு வருடமாக இருக்கிறோம். மகளுக்கு நாலு வயது. தெருவில் எங்கும் முஸ்லிம்கள், கடைகளில் தமிழ் கேட்கிறது. ஆனாலும் எனக்கென்று யாரும் இல்லை. பக்கத்துப் பள்ளிவாசலில் பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். இடம் இருக்கிற இன்னொரு பள்ளிவாசலில், நான் தொழுதது தப்பு என்று ஒரு பெரியம்மா உருதுவில் திருத்தினார். மகளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கப் போனேன். "நீங்கள் முஸ்லிம்தானே, தமிழ் நல்லாக் கதைக்கிறீங்களே" என்று ஆச்சரியப்பட்டார்கள். வேலைக்குப் போகலாம் என்றால் முக்காட்டை நினைத்துத் தயக்கம். "உனக்கு இங்கே என்ன குறை?" என்கிறார் கணவர். நான் எந்தக் கூட்டத்தில் சேர்த்தி?
— பெயர் வேண்டாம், லண்டன்

பதில்:

அன்புச் சகோதரி,

கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். உங்கள் ஊரில் கல்யாணம் ஆனால் வீடு மாறுகிறவர் மாப்பிள்ளை. பெண் தன் உம்மா வீட்டில், அல்லது அதை ஒட்டித் தனக்கென்று கொடுத்த வீட்டில்தான் இருப்பாள். ராத்தா (அக்கா) வீடு அடுத்த கதவு. பெண்கள் நடக்கவென்றே வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு என்கிற சந்து. ஓதவும் பேசவும் கூடவும் பெண்களுக்கென்று தைக்கா. காயல் ஆண்களோ கொழும்பு, ஹாங்காங், வளைகுடா என்று வெளியூரில் பிழைத்துப் பழகியவர்கள். தனி அறையில் சமைத்துச் சாப்பிடுவது அவர்களுக்குத் தலைமுறைப் பாடம். உங்கள் குடும்பத்துப் பெண்களில் உம்மா வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து வாழ்வது அநேகமாக நீங்கள்தான் முதலாவது. மார்க்கமும் தமிழும் உங்களிடம் பத்திரமாகவே இருக்கின்றன. அந்த முடுக்கும் தைக்காவும்தான் இங்கே இல்லை. இதை அவரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். "மனசு சரியில்லை" என்பதைவிட இது அவருக்கு எளிதில் விளங்கும்.

இனி பள்ளிவாசல். அந்தப் பெரியம்மா எதைத் தப்பு என்றார் என்று நீங்கள் எழுதவில்லை. குனிந்து ருகூவுக்குப் போகும்போதும் எழும்போதும் நீங்கள் கை உயர்த்தியிருப்பீர்கள், அல்லது அதிகாலை சுபுஹில் நின்றபடி குனூத் என்ற துஆ ஓதியிருப்பீர்கள். காயல், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபு (இஸ்லாமியச் சட்ட வழி). ஈஸ்ட் லண்டனில் பாகிஸ்தானியரும் வங்காளிகளும் குஜராத்திகளும் நடத்தும் பள்ளிவாசல்கள் பெரும்பாலும் ஹனஃபி. அவர்களில் பலருக்கு ஷாஃபிஈ முறைத் தொழுகை பழக்கமில்லை. "ஹம் ஷாஃபயீ ஹைன், ஆன்ட்டி" (நாங்கள் ஷாஃபிஈ) என்று சிரித்துக்கொண்டு சொன்னால் போதும், பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். விளக்கம் சொல்லப் போனால்தான் நீளும்.

பிற்பகல் தொழுகையான அஸர் நேரத்தில் மட்டும் கவனம் வேண்டும். உச்சிப்பொழுதில் இருந்த நிழலைக் கழித்து, பொருளின் நிழல் அதன் நீளத்துக்குச் சமமாக நீண்டதும் ஷாஃபிஈக்கு அஸர் வந்துவிடும். ஹனஃபிக்கு அது இரண்டு மடங்காக வேண்டும். லண்டனில் ஜூன் மாதத்தில் இந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கும் மேல், டிசம்பரில் ஏறக்குறைய அரை மணி. பள்ளிவாசல் ஜமாஅத் நேரத்தை மட்டும் போனில் வைத்துக்கொண்டு, "நேரம் இன்னும் வரவில்லை" என்று காத்திருந்து, பிள்ளையைக் கூப்பிடப் போகிற அவசரத்தில் திண்டாடுகிறவர்கள் உண்டு. கால அட்டவணையில் 'மித்ல் 1', 'மித்ல் 2' என்று இரண்டு அஸர் போட்டிருந்தால் முதலாவது உங்களுடையது. தொழுகை ஆப்பிலும் செட்டிங்ஸில் ஹனஃபி என்று இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பெண்களுக்கு இடமில்லை என்று சொன்னவர் யார்? வாசலில் நின்றவரா, இமாமா, கமிட்டியா? பல பள்ளிவாசல்களில் இமாம் சம்பளத்துக்கு வேலை செய்பவர். கட்டிடத்தைப் பற்றிய முடிவு அவர் கையில் இல்லை. பிரிட்டனில் பெரும்பாலான பள்ளிவாசல்கள் பதிவு பெற்ற அறக்கட்டளைகள். அவற்றைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடினால் டிரஸ்டிகள் யார், வரவு செலவு என்ன, யாருக்காக நடத்துகிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். கடிதத்தை டிரஸ்டிகளுக்கு எழுதுங்கள். தனியாக எழுதாமல் ஐந்தாறு பெண்களாகக் கையெழுத்துப் போடுங்கள். 'பெண்களுக்கு இடம் வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால், தீ விபத்துப் பாதுகாப்புக் கணக்கில் இத்தனை பேருக்குத்தான் அனுமதி என்று பதில் வரும், அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்: வார நாளில் காலை 10 முதல் 12 வரை ஒரு அறை, தொழுகைக்கு முன் கை கால் கழுவி உளூ செய்ய ஒரு இடம், வருவதற்கு ஒரு வாசல். மறுக்கக் கடினமான கோரிக்கை இது. மறுத்துவிட்டால் சாரிட்டி கமிஷனிடம் போய்ப் பயனில்லை, மார்க்க விவகாரத்தில் அவர்கள் தலையிட மாட்டார்கள்.

பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் மாறாமல் வைட்சேப்பல். அங்கே ஈஸ்ட் லண்டன் பள்ளிவாசலில் பெண்களுக்கென்றே மர்யம் சென்டர் 2013 முதல் இருக்கிறது. எந்தப் பள்ளிவாசலுக்குப் புதிதாகப் போவதானாலும் முதலில் போன் செய்து, பெண்கள் வாசல் எந்தத் தெருப் பக்கம், தினமும் திறந்திருக்குமா அல்லது ரமலானில் மட்டுமா, பிள்ளையை அழைத்து வரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் வாசல் பல இடங்களில் பின் சந்தில் இருக்கும். மழையில் முன் கதவைத் தட்டி நின்று மனம் நொந்து திரும்பிய பெண்கள் நிறைய.

தமிழ்ப் பள்ளியில் கேட்ட வார்த்தை உங்களைச் சுட்டிருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் சூடு கொஞ்சம் குறையும். லண்டன் தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஈழத்தமிழர் நடத்துபவை. இலங்கையின் குடிசன மதிப்பீட்டில் தமிழர் ஒரு இனம், சோனகர் என்று குறிக்கப்படும் முஸ்லிம்கள் வேறொரு இனம். வீட்டில் தமிழ் பேசினாலும் அங்கே முஸ்லிம்கள் தங்களைத் தமிழர் என்று சொல்வதில்லை. 1880களில் அங்கே தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன், சோனகரும் இனத்தால் தமிழரே என்று வாதிட்டபோது அதைக் கடுமையாக மறுத்தவர்கள் முஸ்லிம்கள்தான். தமிழ்நாட்டில் நிலைமை நேர்மாறு. தமிழர், முஸ்லிம் என்று ஒருவரே இரண்டாகவும் இருப்பது அங்கே கேள்வியே இல்லை. ஆகவே அந்த ஆசிரியை உங்களைத் தள்ளிவைத்தார் என்று நினைக்க வேண்டாம், தன் நாட்டுக் கணக்கில் உங்களை வைத்துப் பார்த்தார். இன்னொன்றும் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை, 70,000 பேருக்கும் மேல், வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கிடைத்த அவகாசம் சில மணி நேரம். அந்த நாட்களைக் கண்ட தமிழர் தலைமுறை இன்று லண்டனில் பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டி வருகிறது. முக்காட்டைப் பார்த்ததும் சிலர் அளவுக்கு மீறி உபசரிப்பார்கள், சிலர் ஒதுங்குவார்கள். தமிழ்ப் பள்ளியின் கதவருகே நின்று அரசியல் பேசாதீர்கள். "நாங்க தமிழ்நாடு, காயல்பட்டினம், வீட்டுல தமிழ்தான்" என்ற ஒரு வரி போதும்.

சேர்க்கும் முன் தலைமை ஆசிரியரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். காலைக் கூடலில் தேவாரம் பாடினால் பிள்ளை பேசாமல் நிற்கலாமா? சைவ சமய பாடம் தனி வகுப்பா, தமிழ்ப் பாடத்துக்குள்ளேயே வருகிறதா? தனி என்றால் அந்த நேரம் பிள்ளை எங்கே இருப்பாள்? நவராத்திரி, விஜயதசமி நிகழ்ச்சியில் மேடை ஏறாமல் இருக்கலாமா? நல்ல பள்ளி இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும், கிறிஸ்தவப் பிள்ளைகளால் ஏற்கெனவே பழக்கமும் இருக்கும். "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் ஒரு வாரம் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பிள்ளை ஈழத்துச் சொல் கலந்து "கதைச்சாங்க" என்று வீட்டில் பேசத் தொடங்கும். பேசட்டும், அதுவும் தமிழ்தான்.

இப்போது உங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தும் நீங்கள் கவனிக்காத கூட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஊர்களின் முஸ்லிம் பெண்கள். தமிழ் பேசுபவர்கள், ஷாஃபிஈ, உம்மா, வாப்பா, ராத்தா, காக்கா என்று அழைப்பவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வீட்டிலேயே இருக்கிற வழக்கமும் அவர்களுக்கு உண்டு. உங்கள் ஏக்கத்தை விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்ளக்கூடியவர்கள் லண்டனில் இவர்கள்தான். 'ஊர்க்காரர்' என்று தேடும்போது பாஸ்போர்ட்டைப் பார்க்காதீர்கள்.

அவர்களையும் நம் ஊர்ப் பெண்களையும் சேர்த்து ஒரு தைக்காவை நீங்களே தொடங்கலாம், கட்டிடம் இல்லாமலே. முதல் நாலைந்து தடவை வீட்டில், ஐந்து பேர் போதும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வார நாளில் காலை 10 மணிக்கு வந்து, மதிய லுஹர் தொழுது கலைவது வசதி. மாலை வேண்டாம். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்து மஃரிபு வந்துவிடும், யாரும் வர மாட்டார்கள். பத்துப் பேர் ஆனால் மாதத்துக்கு, குர்ஆனின் முப்பது ஜுஸ்உகளில் (பாகங்களில்) ஆளுக்கு மூன்றை வீட்டில் ஓதி, கூடுகிற நாளில் ஹத்தம் (நிறைவு) செய்யலாம். பதினைந்தைத் தாண்டினால் நூலகத்திலோ சமூகக் கூடத்திலோ மணிக்கணக்கில் அறை எடுங்கள். தொடர்ந்து வருவோருக்குக் கட்டணம் குறையுமா என்று கேளுங்கள். சில கூடங்களில் பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள், அதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

இப்படிப்பட்ட கூட்டங்கள் உடைவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் இந்த மூன்றுதான். முதலில் சாப்பாடு. முதல் வாரம் டீயும் வடையும், மூன்றாம் வாரம் களறிக் கறி, ஐந்தாம் வாரம் "என் முறை வருகிறதே" என்று பயந்து ஆள் குறையும். டீயும் ஒரு பலகாரமும் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். அடுத்தது வாட்ஸ்அப் குழு. நாள், நேரம், இடம் தவிர எதுவும் போடக் கூடாது, ஃபார்வேர்டு கூடவே கூடாது. மூன்றாவது மௌலிது, அதாவது நபி புகழ் ஓதுவது. உங்களுக்குத் தைக்கா என்றாலே மௌலிது நினைவு வரும். மௌலிதை ஏற்காத தவ்ஹீத் குடும்பத்துப் பெண் அன்றோடு வராமல் போவார். விரும்புகிறவர்கள் தத்தம் வீட்டில் ஓதிக்கொள்ளட்டும், பொதுவில் குர்ஆன் மட்டும். ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹில் இன்னொரு சிக்கல்: பெண்ணே வரிசை நடுவில் நின்று பெண்களுக்குத் தொழ வைப்பது ஷாஃபிஈயில் நல்லது, ஹனஃபியில் மக்ரூஹ் (விரும்பத்தகாதது). ஹனஃபிச் சகோதரி தனியாகத் தொழுதால் முகம் சுளிக்காதீர்கள்.

நோன்பில் ஒருநாள் கஞ்சி காய்ச்சுவதுதான் ஆள் சேர்க்கச் சிறந்த வழி. இருபது பேருக்கு முக்கால் கிலோ பச்சரிசி நொய், 100 கிராம் பாசிப்பருப்பு, 400 கிராம் கொத்துக்கறி, இரண்டு டீஸ்பூன் வெந்தயம், எட்டு லிட்டர் தண்ணீர். பாஸ்மதியில் காய்ச்சினால் பருக்கை கரையாமல் தனித்தனியாக நிற்கும். நொய் கிடைக்காவிட்டால் பொன்னிப் பச்சரிசியை மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள். தேங்காய்ப்பாலை அடுப்பை அணைக்கிற நேரத்தில் ஊற்றுங்கள், கொதித்தால் திரிந்துவிடும். கூடங்களில் இருக்கும் மின் அடுப்பை நம்ப வேண்டாம், வீட்டிலேயே காய்ச்சி எடுத்துப் போங்கள்.

வேலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் வந்தவரின் டிபென்டன்ட் (உடன் வந்த துணை) கிட்டத்தட்ட எந்த வேலையும் செய்யலாம். இங்கே விண்ணப்பத்தில் போட்டோ, மதம், கல்யாண விவரம் எதுவும் எழுதும் வழக்கமில்லை, எழுதாதீர்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி மதத்தைக் காரணம் காட்டி வேலை மறுப்பது பொதுவாகச் சட்டவிரோதம். தொழுகைக்கு இடைவேளை தர வேண்டும் என்ற தனி விதி கிடையாது. ஆனால் தக்க காரணமின்றி மறுத்தால் அது மறைமுகப் பாகுபாடாகலாம். இதை நேர்காணலில் கேட்காதீர்கள், வேலை உறுதியானபின் "மதிய இடைவேளையைப் பத்து நிமிடம் மாற்றிக்கொள்ளலாமா" என்று கேளுங்கள். தகராறு வந்தால், வேலை உரிமை பற்றி ஆலோசனை தரும் ஏகாஸ் என்ற அமைப்பின் இலவச ஹெல்ப்லைன் இருக்கிறது. தள்ளிப்போடாமல் உடனே கூப்பிடுங்கள், புகாருக்குக் கெடு உண்டு.

அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் இ-விசா கணக்கு யாருடைய ஈமெயிலில், யாருடைய போன் நம்பரில் இருக்கிறது? பல வீடுகளில் கணவரே தன் ஈமெயிலில் தொடங்கியிருப்பார், நல்லெண்ணத்தோடுதான். வேலை செய்யும் உரிமையைக் காட்ட வேலை தருபவருக்குக் கொடுக்க வேண்டிய ஷேர் கோடு அந்தக் கணக்கிலிருந்துதான் வரும். உள்ளே நுழையும் ரகசிய எண் அவருடைய போனுக்கு வந்தால் ஒவ்வொரு தடவையும் அவர் மீட்டிங் முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். இரண்டையும் உங்களுடையதாக மாற்றுங்கள். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் இருக்கட்டும்.

மகளின் பள்ளிப் படிவத்தில் வீட்டு மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதுங்கள். 'ஆங்கிலம் என்று போட்டால் நல்லது' என்று சிலர் சொல்வார்கள். அப்படிப் போட்டால் ஆங்கிலத்துக்குக் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளை என்று பள்ளிக்குத் தெரியாமல் போகும். பெருநாளன்று விடுப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் மத அனுஷ்டானம் என்று பதிவார்கள், அனுமதி பெற்ற விடுப்பாகவே கணக்கில் வரும். பிறை சந்தேகத்தால் தேதி மாறலாம் என்பதையும் அதிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

தூக்கமின்மையோ பசியின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஜிபி டாக்டரிடம் போங்கள், அல்லது என்எச்எஸ் டாக்கிங் தெரபீஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவைக்கு நீங்களே பதிவு செய்யலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. கணவரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மார்க்கம் தெரிந்த பெண்ணிடம் பேச வேண்டும் என்றால் முஸ்லிம் விமன்ஸ் நெட்வொர்க் யுகே அமைப்பு ஹெல்ப்லைன் நடத்துகிறது.