முன்பாரம் பார்க்காமல் வண்டி பிடிக்காதீங்க, தம்பி

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: காரைக்குடியிலிருந்து டல்லாஸ் வந்து ஏழு மாதம் ஆகிறது. மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு வீடு மாதிரி அமைந்த பெரிய வண்டி) ஒன்று வாங்கி, பின்னால் மூடிய டிரெய்லர் மாட்டி, கண்டாங்கிச் சேலை, பித்தளைச் சாமான், ஆத்தங்குடி டைல்ஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு தமிழ் விழாக்கள் நடக்கிற ஊருக்கெல்லாம் போய்க் கடை போட வேண்டும். கேஸ் வண்டியா, டீசல் வண்டியா? கூடவே பள்ளிக்கூடம், வாடகை, தோசை மாவு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதை உங்கள் அலுவலகத்திலேயே பத்துப் பேர் சொல்வார்கள். வண்டி விஷயத்தில்தான் தப்பாகச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள், அதனால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சொல். இங்கே கேஸ் என்றால் பெட்ரோல். சிலிண்டர் இல்லை. தேவகோட்டையிலிருந்து வந்த புதிதில் எனக்கும் இதில் குழப்பம்தான். மோட்டார்ஹோமில் அடுப்புக்கும் வெந்நீருக்கும் புரொப்பேன் தொட்டி தனியாக இருக்கும். இனி பெட்ரோல் என்றே எழுதுகிறேன். இன்னொன்று, டீசல் மலிவு என்ற ஊர்க் கணக்கை விமானத்திலேயே விட்டுவிட வேண்டும். இங்கே டீசல்தான் பெரும்பாலும் விலை கூடுதல்.

எஞ்சின் பேச்சுக்குப் போகும் முன் எடை. ஹிட்ச்சில், அதாவது வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இரும்பில், 5,000 பவுண்டு என்று எழுதியிருந்தால் 5,000 இழுக்கலாம் என்று நம்பி வாங்குகிறவர்கள்தான் அதிகம். அது அந்த இரும்பு தாங்கும் அளவு மட்டுமே. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து இருக்கக்கூடிய மொத்த எடை உச்சவரம்பு ஒன்று உண்டு. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து வில்லையிலோ சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) கையேட்டிலோ ஜி.சி.டபிள்யூ.ஆர். என்று போட்டிருக்கும். அதிலிருந்து சாமான், தண்ணீர், எரிபொருள், ஆட்கள் ஏறிய நிலையில் வண்டியின் எடையைக் கழியுங்கள். உச்சவரம்பு 26,000, ஏற்றிய வண்டி 21,700 என்றால் மிச்சம் 4,300. ஹிட்ச் என்ன சொன்னாலும் அவ்வளவுதான். 80 காலன் தண்ணீரே 660 பவுண்டு, கிட்டத்தட்ட 300 கிலோ. பாதி விழாத் திடல்களில் தண்ணீர்க் குழாய் இருக்காது, நிரப்பிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

ஏற்றின வண்டியை நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் என்ற எடைமேடையில் நிறுத்துங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என மூன்று எடையும் தனித்தனியாக ஒரே சீட்டில் வரும். செலவு அதிகமில்லை. பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், விற்பவரைக் கூட்டிக்கொண்டு போயே எடை போட்டுப் பாருங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

இனி முன்பாரம். நம் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டை முன்னால் கூடினால் மாட்டுக் கழுத்து அழுந்தும், பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லருக்கும் அதே நியாயம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் குண்டின் (டிரெய்லரின் மூக்கு உட்காரும் இரும்பு உருண்டை) மேல் இறங்க வேண்டும். சாமானில் 60 சதவீதம் டிரெய்லர் அச்சுக்கு முன்னால் இருந்தால் ஏறக்குறைய அது வந்துவிடும். குறைந்தால் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று தாண்டிப் போகும்போது டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். அப்போது வண்டியின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டு, டிரெய்லர் பிரேக் கருவியின் கைப்பிடியை மட்டும் லேசாக அழுத்த வேண்டும். ஆட்டம் அடங்கும்.

ஆத்தங்குடி டைல்ஸ் விஷயத்தில் கவனம். 10 அங்குல ஓடு ஒன்று கிட்டத்தட்ட 3 கிலோ. மாதிரிக்கு என்று 200 ஓடு ஏற்றினாலே 600 கிலோ, அதாவது 1,300 பவுண்டு. வாசல் பின்னால் இருப்பதால் கனமானதைக் கடைசியில் வைத்து முதலில் இறக்கலாம் என்று தோன்றும். தப்பு. ஓடு அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு, பட்டை போட்டுக் கட்டி. சேலைக் கட்டு பின்னால். கல்யாண முறைச் சாமானுக்குச் சிட்டை (பட்டியல்) போடுகிற ஊர்க்காரர் நீங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் எடையோடு சிட்டை போடுவது பெரிய வேலையா?

மோட்டார்ஹோம் பின் அச்சுக்குப் பின்னால் நீளமாகத் தொங்குகிற வண்டி. இதனால் வரும் சிக்கலை விற்பனையாளர் சொல்ல மாட்டார். சக்கர இடைவெளி 19 அடி, பின் அச்சிலிருந்து குண்டு வரை 12 அடி என்று வையுங்கள். குண்டின் மேல் 600 பவுண்டு இறங்கினால் முன் அச்சு 380 பவுண்டு லேசாகும், பின் அச்சில் 980 பவுண்டு கூடும். முன் சக்கரம் லேசானால் ஸ்டீயரிங் மிதக்கும், காற்றுக்கு வண்டி ஒதுங்கும். பின் அச்சு ஏற்கெனவே வரம்பை ஒட்டி இருந்தால் டயர் போகும். காரை நாலு சக்கரமும் தரையில் படக் கட்டி இழுக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, குண்டின் மேல் எடையே இறங்காது. 'நானும்தான் இழுக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே' என்பவரிடம் இழுப்பது காரா டிரெய்லரா என்று கேளுங்கள். எடை பகிரும் ஹிட்ச் மாட்டினால் சரியாகும் என்பார்கள். பல மோட்டார்ஹோம்களில் பின்பகுதிச் சட்டம் பிற்பாடு ஒட்டு வைத்து நீட்டியது. தயாரிப்பாளர் எழுத்தில் அனுமதி தராமல் அதில் மாட்டினால் அந்த ஒட்டு விரியும்.

இப்போது எஞ்சின். பெட்ரோலில் பெரிய வண்டிகள் பெரும்பாலும் ஃபோர்டு எஃப்-53 சேஸிஸ். 2020க்குப் பின் வந்தவற்றில் 7.3 லிட்டர் வி8, அதற்கு முன் 6.8 லிட்டர் வி10. முறுக்குவிசை 460 பவுண்டு-அடியை ஒட்டி. டீசலில் எஞ்சின் பின்னால் இருக்கும். நடுத்தர வண்டியில் கம்மின்ஸ் 6.7, 700 முதல் 800 வரை. பெரியதில் அதே கம்மின்ஸின் எல்9, 450 குதிரைத்திறன் வகையில் 1,250. அதுவும் 2,000 சுற்றுக்குக் கீழேயே கிடைத்துவிடும். பெட்ரோல் எஞ்சின் அதே மேட்டில் 4,000 சுற்றில் கத்தும். அது பழுதல்ல, அதன் வேலை செய்யும் முறை அப்படி. ஆனால் எஞ்சின் உங்கள் காலடியிலேயே இருக்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது.

நம் பக்கம் குன்றக்குடி, பிரான்மலையை விட்டால் மேடு ஏது? கொலராடோவில் ஐ-70 சாலையின் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடி உயரத்தில். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும், அங்கே மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். டீசலுக்கு டர்போ இருப்பதால் அந்த இழப்பு தெரியாது. ஆனால் ஏறுவதைவிட இறங்குவதுதான் விஷயம். 6.7 கம்மின்ஸில் எக்ஸாஸ்ட் பிரேக், எல்9-ல் எஞ்சின் அழுத்த பிரேக், இரண்டும் எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைப்பவை. காலை எடுத்துவிட்டு ஆறு சதவீதச் சரிவில் நிதானமாக இறங்கலாம். பெட்ரோல் வண்டியில் டோ-ஹால் பொத்தானை (பாரம் இழுக்கும்போது கியர் மாறும் விதத்தை மாற்றுவது) போட்டு, இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் எண்ணெய் கொதித்து மிதி தரையைத் தொடும். அந்த எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிறைய பேர் மாற்றுவதே இல்லை.

டிரெய்லருக்குத் தனி மின்பிரேக் கட்டாயம் வையுங்கள். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் சட்டப்படி வேண்டும், கலிபோர்னியாவில் 1,500 தாண்டினாலே வேண்டும். வண்டியில் கட்டுப்பாட்டுக் கருவி, ஏழு முனை செருகி, டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் பிடிக்கும் விசை, அதற்கு 12 வோல்ட் பாட்டரி. அந்தப் பாட்டரி பெரும்பாலும் செத்துக் கிடக்கும். விசையை இழுத்துவிட்டு வண்டியை மெல்ல நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். சில டீசல் வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் விழும்போதே பிரேக் விளக்கும் எரியும். பழைய வகைக் கருவியாக இருந்தால் இறக்கம் முழுக்க டிரெய்லர் பிரேக்கும் பிடித்துக்கொண்டே வந்து கருகும். அசைவை உணர்ந்து வேலை செய்யும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

டீசலின் மறுபக்கம். எண்ணெய் மாற்ற 7.3 பெட்ரோலுக்கு 8 குவார்ட், 6.7 கம்மின்ஸுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு, எல்9-க்கு அதற்கும் மேல். எரிபொருள் வடிகட்டிகள், காற்று பிரேக்கின் உலர்த்தி எல்லாம் கூடுதல். 2010க்குப் பின் வந்த எஞ்சினில் புகையைச் சுத்தப்படுத்தும் டெஃப் திரவம் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். அந்தத் தொட்டியின் உணரி கெட்டால் எஞ்சின் நன்றாக இருந்தும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டெக்சாஸ் வெயிலில் டெஃப் டப்பாவைக் கொட்டகையில் ஒரு வருடம் வைத்திருந்து ஊற்றாதீர்கள், அதன் தரம் போய்விடும். ரேடியேட்டர் பின்னால் இருக்கும் பழைய வண்டி என்றால் எஞ்சின் மூச்சுக்குழாயின் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து உள்பக்கம் சேறாக அப்பியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று தெரியும், மேட்டில் சூடேறும். எஞ்சின் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்.

டீசலுக்கு ஒரு பெரிய சௌகரியம்: லாரிகளுக்கான பம்பு வரிசையில் நேராக நுழைந்து நேராக வெளியே வரலாம். பெட்ரோல் வண்டி கார் பம்புகளுக்கு நடுவே நுழைய வேண்டும். பின்னால் டிரெய்லரோடு அங்கே திரும்பும்போது வண்டியின் வால் எதிர்ப்பக்கம் வீசும், பம்புத் தூணில் உராயும். வெளிவரிசைப் பம்பாகப் பார்த்து, வெளியேறும் வழியை முதலில் முடிவு செய்துவிட்டு நுழையுங்கள். மைலேஜ் இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இழுக்கும்போது பெட்ரோல் காலனுக்கு 6 முதல் 8 மைல், டீசல் 7 முதல் 9. விலை வித்தியாசத்தில் அதுவும் போய்விடும்.

சங்கத்துக் கூட்டங்களில் 'டீசல்தான் கெத்து' என்று முழங்குகிற அண்ணன்மார்கள் உண்டு. நாற்பதடி டீசல் வண்டியை வாடகைக் கொட்டகையில் நிறுத்தி, வருடத்துக்கு இரண்டு தடவை துணி விலக்கிப் பார்ப்பார்கள். ஓடாத வண்டிக்கு டயர் வயதாகும், டீசலில் பாசி பிடிக்கும். வருடத்துக்கு ஐயாயிரம் மைல்கூட ஓடாது, டிரெய்லர் சாமானோடு மூவாயிரம் பவுண்டுக்குள் என்றால் பெட்ரோலே போதும். ஓடும் பித்தளையும் ஏற்றி 7,000 பவுண்டு டிரெய்லர் என்றால் பெட்ரோலை மறந்துவிடுங்கள். 10,000 பவுண்டு ஹிட்ச் உள்ள டீசல், அல்லது லாரி முகம் வைத்த சூப்பர் சி வகை. உண்மையில் அந்த வியாபாரத்துக்கு ஒரு பிக்அப்பும் டிரெய்லரும், இரவுக்கு ஒரு மோட்டலும்தான் சிக்கனம். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

இதைவிட முக்கியமானது காகிதம். எச்-1பி வேலை விசாவில் வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விழாவில் கடை போட்டு விற்பது அனுமதியில்லாத வேலை. ரொக்கம்தானே, யார் பார்ப்பார்கள் என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், கிரீன் கார்டு மனுவில் வந்து நிற்கும். மனைவிக்கு எச்-4 (குடும்பத்தாருக்கான விசா) வேலை அனுமதி அட்டை இருந்தால் அவர் பெயரில் அவர் நடத்தலாம், நீங்கள் கல்லாவில் உட்காரக் கூடாது. குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பணம் கட்டிக் கேட்டுவிடுங்கள். அடுத்து, சொந்தப் பயணத்துக்கு என்று எடுத்த மோட்டார்ஹோம் காப்பீடு வியாபாரத்துக்குப் பொதுவாகச் செல்லாது. 26,001 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள வண்டியை வியாபாரத்துக்கு ஓட்டினால் வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும், குடும்பப் பயணத்துக்கு உள்ள சலுகை கிடையாது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 10,001 பவுண்டைத் தொட்டாலே, சரக்கோடு மாநிலம் தாண்ட யு.எஸ்.டி.ஓ.டி. எண் (மத்திய போக்குவரத்துத் துறையின் பதிவு எண்) எடுக்க வேண்டும்.

நம் ஊர்ப் பெரியவர்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க (வியாபாரம் செய்ய) போனபோது மூன்று வருடக் கணக்கு, பெட்டியடி, அடுத்தாள் என்ற வேலைப் படிகள், சம்பளச் சீட்டு என்று எல்லாம் எழுத்தில் இருந்தது. பர்மாத் தேக்கு வளவு (வீட்டு உள்கட்டு) தூணாக நிற்பது அந்த எழுத்தின் பலத்தில்தான். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது எவ்வளவோ பேர் அங்கிருந்து நடந்தே திரும்பினார்கள். அந்தக் கதைகளை ஆச்சிமார் முகப்புத் திண்ணையில் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இங்கே வந்து, 'பார்த்துக்கலாம் அண்ணே' என்கிறார்கள்.

ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டுவந்து ஜெனரேட்டரில் ஓட்டலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே 120, 60. இங்கத்து மின்சாரத்துக்கு உள்ளதையே வாங்குங்கள். ஜெனரேட்டர் வண்டித் தொட்டியிலிருந்தே எரிபொருள் எடுக்கும், கால் தொட்டி மிச்சம் இருக்கும்போது தானே நின்றுவிடும். விழா நடுவில் நின்றால் பழுது என்று பயப்பட வேண்டாம்.

பார்த்து வைத்திருக்கும் வண்டியின் ஆண்டு, வில்லைப் படம், எடைச் சீட்டு மூன்றையும் அனுப்புங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன். டிரெய்லர் அதற்கப்புறம் வாங்கலாம்.