சுருள்பாசிப் பண்ணைக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் 20 சென்ட் நிலமும் போர் தண்ணீரும் இருக்கிறது. 3 லட்சம் கட்டினால் சுருள்பாசி (ஸ்பைருலினா என்ற நுண்பாசி) வளர்க்க 10-க்கு 20 அடியில் ஐந்து தொட்டி போட்டு, விதைபோல விட்டுப் பெருக்கத் தாய்ப்பாசியும் தருவதாக ஓர் ஏஜெண்ட் சொல்கிறார். தொட்டிக்குத் தினம் ஒரு கிலோ வருமாம். கிலோ 1,000 ரூபாய்க்கு அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். மிஞ்சுவதை பயோடீசலுக்கும் வாங்குவார்களாம். நம்பலாமா?

பதில்: பணம் கட்டாதீர்கள்.

அவர் காட்டும் ஒரு கிலோ, துணியில் வடித்த ஈரப்பாசி. அதை இடியாப்பக் குழலில் பிழிந்து வெயிலில் காயவைத்து நிறுத்துப் பாருங்கள், 100 முதல் 150 கிராம்தான் தேறும். 1,000 ரூபாய் என்பதோ காய்ந்த பாசிக்கு. இந்த ஓர் இடத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்கு முன்பணம் கட்டி 2012-இல் ஏமாந்து நின்றவர்களிடமும் 'நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்றுதான் சொன்னார்கள்.

டீசல் பேச்சை விடுங்கள், அதற்குப் பாசியில் எண்ணெய் வேண்டும். சுருள்பாசியில் பாதிக்கு மேல் புரதம், எண்ணெய் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. எண்ணெய் அதிகமுள்ள வேறு பாசிகளை வைத்து அமெரிக்க அரசே 1978 முதல் 1996 வரை முயன்றும் விலை கட்டுப்படியாகவில்லை.

வளர்ப்பது கஷ்டமில்லை. லிட்டருக்கு 8 கிராமாவது சோடா உப்பு வேண்டும், அதாவது உங்கள் தொட்டி ஒன்றுக்கு முதல் தடவையே சுமார் 30 கிலோ. மழைநீர் விழுந்து, அந்த உப்பு தரும் காரத்தன்மை குறைந்தால் வேறு பாசிகள் புகுந்துவிடும். பச்சை மங்கி மஞ்சளடித்தால் அந்தத் தொட்டிக்கு ஆபத்து.

விற்பதுதான் பாடு. மனிதர் சாப்பிட விற்க உணவுப் பாதுகாப்பு உரிமமும் ஆய்வக அறிக்கையும் வேண்டும். உதவி கேட்டுப் போனால் வேளாண்மை அலுவலகம் மீன்வளத்துறையைக் காட்டும், அவர்கள் திரும்ப வேளாண்மை அலுவலகத்துக்கே அனுப்புவார்கள். பாசி பயிரா, மீனா என்று முடிவு செய்யக்கூடவா ஆளில்லை? அந்த இடைவெளியில்தான் ஏஜெண்ட் நுழைகிறார்.

ஒன்றே ஒன்று விதிவிலக்கு: வண்ணமீன் தீவனம். சுருள்பாசி கலந்த தீவனம் மீனுக்கு நிறமேற்றும். சென்னை கொளத்தூர் மாதிரி இடங்களில் மீன் வளர்ப்பவர் யாராவது 'மாதம் இத்தனை கிலோ எடுக்கிறேன்' என்று உங்களிடமே நேரில் சொல்ல வேண்டும். ஏஜெண்ட் வழியாகச் சொன்னால் கணக்கில்லை, போனில் சொன்னாலும் கணக்கில்லை. அவர் பண்ணைக்கே போய் இப்போது என்ன தீவனம், என்ன விலைக்கு வாங்குகிறார் என்று பில்லைப் பாருங்கள். அப்படி ஆள் கிடைத்தால், அப்புறம் சொந்தக் காசில் ஒரே ஒரு தார்ப்பாய்த் தொட்டி போட்டு ஐப்பசி மழை முடியும்வரை ஓட்டிப் பாருங்கள்.