பனீர் சுஷியும் 800 ரூபாயும்

கேள்வி: பேத்தி ஆசைப்பட்டாள் என்று சம்பந்தி வீட்டாரையும் அழைத்துக்கொண்டு, சென்னையில் ஒரு மாலில் இருக்கும் ஜப்பானிய ஃப்யூஷன் உணவகத்துக்குப் போனோம். சுஷி என்கிற சோற்றுருண்டைக்குள் பனீர் டிக்கா, மேலே மயோனைஸ்! தட்டோரம் பச்சையாக இருந்ததைப் புதினா சட்னி என்று நினைத்து அப்படியே வாயில் போட்ட என் கணவர் கண்ணீர் விட்டுவிட்டார். சுத்த சைவமான சம்பந்தியம்மா மிசோ சூப்பும் வெறும் சோறுமாக எழுந்துகொண்டார். மாப்பிள்ளைதான் பணம் கொடுத்தார். பில்லில் சாப்பாடு 8,000, சர்வீஸ் சார்ஜ் 800, ஜிஎஸ்டி 440. ஒரு ஜப்பான்காரர் இதைப் பார்த்தால் சிரிக்க மாட்டாரா? கலப்படத்தை இப்படிக் காசாக்குகிறார்களே, கேட்பாரே இல்லையா?
– வாசகி ஒருவர், அண்ணா நகர்

பதில்: சிரிக்க மாட்டார் அம்மா. அவர் ஊரில் சோளமும் மயோனைஸும் வைத்த சுஷி, ஹாம்பர்கர் துண்டு வைத்த சுஷி எல்லாம் குழந்தைகளுக்காக, சாப்பிடுகிறவர்கள் முன்னால் ஓடும் பெல்ட்டில் சுற்றி வந்துகொண்டிருக்கின்றன. அந்த பெல்ட்டே 1958-ல் ஒசாகா பக்கம் ஒரு சுஷிக் கடைக்காரர், பீர் ஆலையில் பாட்டில்கள் போவதைப் பார்த்துக் கண்டுபிடித்தது. மயோனைஸ் அங்கே 1925-லிருந்து சொந்தத் தயாரிப்பு. இதையெல்லாம் தின்று வளர்ந்தவருக்கு உங்கள் பனீர் என்ன அதிர்ச்சியைத் தரப்போகிறது?

நீங்கள் கலப்படம் என்கிற காரியத்தை ஜப்பானியர் சில நூறு வருடங்களாகச் செய்துவருகிறார்கள். டெம்பூரா என்று மாவில் தோய்த்துப் பொரித்துக் கொடுத்திருப்பார்களே, அந்த வித்தை 1543-ல் அங்கே போய் இறங்கிய போர்த்துகீசியர் வழியாக வந்தது என்பார்கள். நமக்கு மிளகாய் கொண்டுவந்து கொடுத்த அதே ஆட்கள்தான். ராமென் என்கிற நூடுல்ஸ் சீனாவிலிருந்து வந்தது. கறி சோறு, அதாவது மசாலாக் குழம்பு ஊற்றிய சோறு, பிரிட்டிஷ்காரர்கள் வழியாகப் போனது. அப்புறம் அதில் ஒரு இந்தியக் கையும் சேர்ந்தது. டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ் 1915-ல் ஜப்பானுக்குத் தப்பிப்போனார். டோக்கியோ ஷின்ஜுகுவில் நாகமுராயா என்ற ரொட்டிக்கடையின் சொந்தக்காரர் அவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றி, பிறகு மாப்பிள்ளையும் ஆக்கிக்கொண்டார். 1927-ல் அந்தக் கடையில் மாப்பிள்ளையின் யோசனைப்படி இந்தியக் கறி விற்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அந்தக் கடையின் பெருமையே அந்தக் கறிதான்.

சுஷியாவது சுத்த ஜப்பான் என்று நினைத்தால், அதுவும் இல்லை. பழைய சுஷி என்பது உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் மாதக்கணக்கில் புதைத்துப் புளிக்க வைப்பது. மீனைத் தின்றுவிட்டுச் சோற்றைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பிவா ஏரிக்கரையில் இன்னும் அப்படிச் செய்கிறார்கள். அந்த வாடைக்கு உங்கள் பேத்தி கடையை விட்டே ஓடியிருப்பாள். சோற்றுருண்டை மேல் மீன்துண்டு வைத்துக் கொடுக்கும் இன்றைய பழக்கம் வந்து இருநூறு வருடம்தான் ஆகிறது. ஆரஞ்சு நிறத்தில் எல்லார் தட்டிலும் இருக்கும் சால்மன் இன்னும் புதுசு. தங்கள் கடல் சால்மனில் புழு இருக்கும் என்று ஜப்பானியர் அதைப் பச்சையாகத் தொடாமல் இருந்தார்கள். 1980-களில் நார்வேக்காரர்கள் பண்ணையில் வளர்த்த மீனோடு போய், வருடக்கணக்கில் பேசிப் பேசி அவர்களைச் சாப்பிட வைத்தார்கள்.

உங்கள் கணவருக்கு என் அனுதாபம். அந்தப் பச்சை, வசாபி என்கிற ஜப்பானியக் கார விழுதின் பெயரில் வைப்பது. ஆனால் அவர் கண்ணீர் விட்டது அநேகமாக அசல் வசாபிக்காக இல்லை. அசல் வசாபியை அந்தந்த நேரத்துக்குத் துருவ வேண்டும், விலையும் எக்கச்சக்கம். மால் தட்டுகளில் வருவது பெரும்பாலும் வேறொரு காரமான வேரும் கடுகும் பச்சைச் சாயமும் சேர்த்த பசை. காரம் மட்டும் அசல்.

பனீருக்குக் கோபப்பட்ட நீங்கள், சூப்பை ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டுவிட்டீர்களே! மிசோ என்பது சோயா விழுது, சரி, சைவம். அதைக் கரைக்கிற தண்ணீர்? அது தாஷி என்கிற ரசம். வழக்கமாக அதில் போடுவது, சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டிக் கட்டைபோல் உலர்த்திச் சீவிய சீவல். தெற்குக் கடற்கரையில் மாசிக் கருவாடு என்பார்களே, இலங்கையில் சம்பலுக்கு இடித்துப் போடுவார்களே, ஏறத்தாழ அதே பண்டம். கடற்பாசியும் காளானும் மட்டும் போட்டுச் சைவ தாஷியும் வைக்கலாம். ஜப்பானியப் புத்த மடங்களில் அப்படித்தான். உங்கள் உணவகம் எதைப் போட்டது என்று கேட்டால்தான் தெரியும். டெம்பூராவுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கிற சாற்றிலும் இதே கதைதான். சைவர்கள் இத்தனை பேர் இருக்கிற ஊரில், பனீரைத் தேடிப்பிடித்து சுஷிக்குள் வைக்கத் தெரிந்தவர்களுக்கு மெனுவில் சூப்புக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதத் தெரியாதா? ஏமாற்று என்று சொல்வதானால் இதைச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தைச் சம்பந்தியம்மா கண்ணில் காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப விவகாரம்.

அசல் ஜப்பான் சாப்பாடுதான் வேண்டும் என்றால் அதற்கும் சென்னையில் வழி இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் ஜப்பானியர்கள் தேடிப்போகிற கடைகள் இங்கே உண்டு. அங்கே பனீர் இருக்காது. சைவருக்குச் சாப்பிட அதிகம் ஒன்றும் இருக்காது. மசாலா நாக்குக்கு எல்லாம் சப்பென்று இருக்கும். ஏழெட்டு வயதிலிருந்து எழுபது வரை ஒரே மேஜையில் உட்கார வைக்க அந்த ஃப்யூஷன் கடையால்தான் முடிந்தது. அதை ஒரு குற்றமாக நான் நினைக்கவில்லை.

இப்போது பில். 8,000-க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 400 ரூபாய். உங்களிடம் வாங்கியது 440. அதாவது சர்வீஸ் சார்ஜ் 800-க்கும் சேர்த்து வரி போட்டிருக்கிறார்கள். சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, சாப்பாட்டோடு கூட்டி அதன் மேல் ஜிஎஸ்டியும் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஹோட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. அந்த உத்தரவு செல்லும் என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கங்கள் மேல்முறையீடும் செய்தன. பரிமாறியவருக்குக் கொடுக்க நினைத்தால் அவர் கையில் கொடுங்கள், அதை யாரும் தடுக்கவில்லை.

மாப்பிள்ளை பணம் கொடுக்கிறார், எதிரில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள்; அந்த நேரத்தில் பில்லை வாங்கி வரிவரியாகப் படிக்க யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது? கல்லாவில் இருப்பவருக்கும் அது தெரியும். சர்வீஸ் சார்ஜும் அதன் மேல் வரியுமாக 840 ரூபாய் அந்தக் கூச்சத்துக்குக் கொடுத்த விலை. பில் இன்னும் கையில் இருந்தால் மாப்பிள்ளையை 1915-க்குப் போன் போடச் சொல்லுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது.