குழந்தைநல மருத்துவரின் படிப்பு: பெற்றோர் பார்க்க வேண்டியது என்ன?

கேள்வி: எங்கள் குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது. இதுவரை பொது மருத்துவரிடமே காட்டி வந்தோம். குழந்தைநல மருத்துவரின் படிப்பில் அப்படி என்ன கூடுதலாக இருக்கிறது? அவர் தேர்ந்தவரா என்று நாங்கள் எப்படி அறிவது?

பதில்: குழந்தைநல மருத்துவரும் முதலில் பொது மருத்துவம் படித்துத்தான் வருகிறார். அதன் பிறகு குழந்தைகளுக்கென்றே தனிப் பயிற்சி பெறுகிறார். அமெரிக்காவில் அது 3 ஆண்டுகள், இந்தியாவில் எம்.டி. பட்டத்துக்கு 3 ஆண்டுகள், டி.சி.ஹெச். பட்டயத்துக்கு 2 ஆண்டுகள். இதயம், நரம்பு போன்ற உட்பிரிவுகளைப் படிப்பவர்கள் அதற்கு மேலும் பயில்கிறார்கள். சளிக்கும் தடுப்பூசிக்கும் அவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பிரசவ அறை, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு, புறநோயாளிப் பிரிவு, இரவு நேர அவசரப் பிரிவு என மாறி மாறிப் பணிபுரியும் அந்த ஆண்டுகளில், தன் வேதனையை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத நோயாளியைப் பார்த்தே அறியும் பழக்கம் அவருக்குக் கைவருகிறது. இருமலோடு வந்த குழந்தையை அம்மாவின் மடியிலேயே இருக்கவிட்டு, சட்டையை விலக்கி, மார்பும் வயிறும் ஏறி இறங்குவதை 1 நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். கைக்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது என்பதால், 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தவறிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, 2 மாதம் நிறையாத குழந்தைக்கு 60, அதன்பின் 1 வயது நிறையும்வரை 50, அதற்குமேல் 5 வயதுவரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலே அது வேகமான மூச்சு. ஆகவே 44 என்பது உங்கள் குழந்தைக்கு வேகமான மூச்சு அன்று. இருமலோடு வந்த இரண்டு வயதுக் குழந்தைக்கோ அதே 44, நிமோனியாவாக இருக்குமோ என்று பார்க்க வைக்கும் எண். வயதுக்கு வயது மாறும் இந்த அளவுகள் மனத்தில் ஊறிப்போவதற்கே அத்தனை ஆண்டுகள் வேண்டியிருக்கின்றன.

அவருடைய அடிப்படைப் பட்டத்தையும் சிறப்புப் படிப்பையும் மருத்துவக் கவுன்சில் பதிவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் மருத்துவர் எனக்கு உவப்பானவர் அல்லர். பெயருக்குப் பின்னால் நீளும் பட்டங்களைவிட, அவர் சோதிக்கும் முறையையே நான் பெரிதாக மதிக்கிறேன். குழந்தைக்கான மருந்தின் அளவு பெரும்பாலும் எடையைக் கொண்டே கணக்கிடப்படுவதால், எடை பார்த்த பிறகுதான் எழுதுகிறாரா என்று கவனியுங்கள். தலைச் சுற்றளவை அளந்து வளர்ச்சி அட்டையில் குறிக்கிறாரா என்றும் பாருங்கள். அழுதுவிட்டால் இதயத் துடிப்பையும் நுரையீரல் ஒலியையும் தெளிவாகக் கேட்க முடியாது என்பதால், நன்கு பயின்றவர் ஸ்டெதாஸ்கோப்பை முதலில் வைத்துவிட்டு, தொண்டையையும் காதையும் கடைசியில்தான் பார்ப்பார். முதல் முறை போகும்போது, பிறந்தபோது இருந்த எடையின் பதிவையும் தடுப்பூசி அட்டையையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.